மூல்சிங்கின் தலைப்பாகை

ஜோத்பூர்க் கோட்டையில் பல்லக்கு அறையைக் காவல் காத்த கங்கார்சிங்குக்கு மீசையில் நிகர் யாருமில்லை. அது அவரே சொன்னது. ஆனால் அந்த மீசை இருட்டில் இருந்தது. பல்லக்கும் வெள்ளி அம்பாரியும் பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்ப்பதில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்பார்கள்.

வெயிலும் கேமராவும் வாசல் காவலர் மூல்சிங்குக்கு. திண்டில் சாய்ந்து ஹூக்கா பிடிப்பதுதான் அவர் வேலை. அருங்காட்சியகத்தின் விளம்பரத்தில் அவர் முகம்தான். ரயில் நிலையத்தில் அதை ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். கங்கார்சிங் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமல் ரயில் ஏறப் பழகிக்கொண்டார். மனைவி ஸாயர் கன்வர் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கார். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அன்றைக்கு அவர் கம்பு ரொட்டியைத் தொடவில்லை.

டீ குடிக்கும்போது அவருக்கு ஒரே பேச்சுதான். "அவன் மீசையா? அத்தனையும் மை. அவனுக்கு ஒரு வயசு மூத்தவன் நான், எனக்கே மை தேவைப்படல."

ஒருநாள் மேனேஜர், விளம்பரத்துக்குப் புதுப்படம் எடுக்கப்போவதாகவும், இரண்டு பேரையும் நிற்கவைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போவதாகவும் சொன்னார்.

படம் எடுக்கும் நாளன்று கங்கார்சிங் முதல் ஆளாகக் காவலர் அறைக்குப் போனார். மூல்சிங் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஆணியில் அவருடைய ஐந்து வண்ணத் தலைப்பாகை, கட்டியது கட்டியபடி தொங்கியது. எல்லாம் இது செய்கிற மாயம்தான் என்று கங்கார்சிங்குக்குத் தோன்றியது. தன் குங்குமப்பூ நிறத் தலைப்பாகையை அந்த ஆணியில் மாட்டிவிட்டு, மூல்சிங்குடையதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

மூல்சிங் முகத்தைத் துடைத்தபடி வந்தார். பழக்கத்தில் கை ஆணிக்குப் போனது. அங்கே இருந்ததை எடுத்துத் தலையில் வைத்தார்.

வாசல்படியில் துடைப்பத்தோடு நின்றவள் பெருக்குகிற சுவா. காவலர்களை அவள் மரியாதையாக 'ஹுகும்' என்றுதான் கூப்பிடுவாள்.

"நல்லது ஹுகும். தலைப்பா மாத்திக்கிட்டீங்க, இனிமே அண்ணன் தம்பி. இனிப்பு எங்க?"

"தெரியாம எடுத்துட்டேன்" என்றார் கங்கார்சிங்.

"தெரியாம எடுத்துத்தான் கண்ணாடியில அப்படிப் பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

தலைப்பாகை மாற்றிக்கொண்ட இருவர் உடன்பிறந்தவர்கள். அந்தச் சீமையில் இதை விளையாட்டு என்று சொல்லித் தப்ப முடியாது. கழற்றிக் கொடுத்தால் உறவை வெட்டியதாக ஆகும். கங்கார்சிங்கின் கை பாதி வழியில் நின்றது.

மூல்சிங் குனிந்து அவர் காலைத் தொட்டார்.

"ஒரு வயசு மூத்தவர்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றீங்களே, பாயிசா. அண்ணன் இருக்கும்போது தம்பி முன்னால நிக்கலாமா? படத்துக்கு நீங்களே நில்லுங்க."

"நான் வேற என்னென்னவோ சொல்லியிருக்கேன்."

"மைதானே? அதுவும் காதுல விழுந்துது. ஆசீர்வாதம் பண்ணுங்க."

கங்கார்சிங் நின்றார். படம் வந்தது. ஸாயர் கன்வரை ரயில் நிலையத்துக்கே அழைத்துக்கொண்டு போனார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"தலைப்பா ரொம்ப அழகு. மூல்சிங் தம்பியோடதுதானே?"

மறுநாள் டீ நேரத்தில் சுவா கேட்டாள்: "என்ன ஹுகும், மை பத்தி ஒண்ணும் காணோமே?"

தம்பியைப் புறம் பேசும் வழி அடைபட்டுப் போயிருந்தது. கங்கார்சிங் டீயை ஊதிக் குடித்தபடி வாசலைப் பார்த்தார். வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று மூல்சிங்கைச் சூழ்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. குங்குமப்பூ நிறம் அந்த வெயிலில் தகதகவென்றிருந்தது. தன் தலையில் அது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.