ஆர்.என்.ஏ.யும் றஞ்சிதா மிஸ்ஸும்

"கைய மேசையில வைக்காதங்க."

கதவு திறந்ததுமே, வந்தது யாரென்று நிமிர்ந்து பார்க்காமலே றஞ்சிதா சொல்லிவிடுவாள். மட்டக்களப்பு நகரில் உள்ள அந்தத் தனியார் ஆய்வுகூடத்தின் உள்ளறைக்கு வைத்தியர் வந்தாலும், மின்விசிறி திருத்துபவர் வந்தாலும் இதுதான் வரவேற்பு. ஒரு நாளைக்கு இருபது சோடி கையுறை மாற்றுவாள். மேசையைக் கிருமி கொல்லும் மதுசாரத்தால் துடைப்பாள். ஐந்து நிமிடம் கழித்து, யாரும் தொடாத அதே மேசையை மறுபடியும் துடைப்பாள். நாற்பத்தாறு வயது. அவள் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

டி.என்.ஏ. என்றால் அவளுக்குப் பயமில்லை. அது இரட்டை இழை. ஒன்றையொன்று பற்றி முறுக்கிக்கொண்டு நிற்கும், பழைய எலும்பில்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. அதன் சர்க்கரை மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் அணு கூடுதலாக இருக்கிறது. அந்த அணு இருப்பதாலேயே பக்கத்துப் பிணைப்பு இலகுவில் அறுந்துபோகும். மிச்சத்தை நம் விரல் வியர்வையில் இருக்கும் நொதியம் தின்றுவிடும். "டிஎன்ஏ கல்லு. இது தண்ணிக்குள்ள விழுந்த பப்படம்," என்பாள். "வெயிலுக்குள்ள வச்சிக் குலுக்கிக் கொண்டந்து தந்தா நான் என்னத்தக் காணுற?"

போன மாதம் பாலசுந்தரத்தின் இரத்தம் அப்படித்தான் வந்தது. அவர் வவுணதீவில் வயல் செய்பவர். மூன்று வருடமாக இரத்தப் புற்றுநோய்க்குக் குளிசை எடுக்கிறார். இரண்டு நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) உடைந்து, துண்டுகள் இடம்மாறி ஒட்டியதால் வந்த நோய். அந்தப் பிழையான ஒட்டிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ.யை அளந்துதான் நோய் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்ல முடியும். சனிக்கிழமை எடுத்த இரத்தம், சேகரிப்பு நிலையத்து மேசையில் இரண்டு நாள் கிடந்து, திங்கட்கிழமை ஓட்டோவில் வந்தது. பெட்டிக்குள் ஐஸ் இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர்தான் இருந்தது.

முதல் ஏச்சு ஓட்டோக்கார ரிஸ்கானுக்கு. "என்னட்டத் தந்ததே இண்டைக்குக் காலமதான் மிஸ்," என்றார் அவர்.

அன்றே செய்த சோதனையில் நோயின் ஆர்.என்.ஏ. தெரியவில்லை. எல்லார் இரத்தத்திலும் கட்டாயம் இருக்கவேண்டிய ஆர்.என்.ஏ.யும் தெரியவில்லை. இரத்தம் கெட்டுவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

"நோய் காணல்லத்தானே மிஸ்? 'இல்லை' எண்டு போடுங்க. மனிசன் சந்தோசப்படுவார்," என்றார் மறுநாள் முகாமையாளர் உதயரூபன்.

"இரிக்கவேண்டியதும்தான் காணல்ல. அப்ப ஆளே இல்லையெண்டு போடுவமா?"

"நான் நேத்துப் பின்னேரமே அவருக்குப் போனில சொல்லிட்டனே," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

றஞ்சிதா உடனே பாலசுந்தரத்துக்கு அழைத்தாள். "ஓம் புள்ள, சொன்னாங்க. ஒண்டும் இல்லையாம். இண்டைக்குக் காலமையோட குளிசைய நிப்பாட்டிட்டன். மூணு வரிசமா ஒரே சத்தியும் ஓங்காளமும்," என்றார் அவர். அவர் குரல் அவ்வளவு இலேசாக இருந்தது. நேரில் வருவதாக மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

புது ஐஸ் நிரப்பிய பெட்டியோடு ரிஸ்கானின் ஓட்டோவில் ஏறினாள். வலையிறவுப் பாலம் தாண்டும்வரை ஏசிக்கொண்டே போனாள்: சேகரிப்பு நிலையத்தை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை, உதயரூபனை. கடைசியில், "நான் நேத்தே 'கெட்ட ரெத்தம்' எண்டு எழுதி வச்சிரிக்கணும்," என்று தன்னையே ஏசினாள்.

பாலசுந்தரம் வயல்வட்டையிலிருந்து சேற்றுக்காலோடு வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப எனக்கு நோய் இன்னும் இரிக்கா?"

"தெரியா. பிழை எங்கட."

"நீங்க படிச்ச ஆக்கள்தானே," என்றார். சத்தம் போடவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். இரத்தம் எடுத்த பிறகும் றஞ்சிதா கிளம்பவில்லை. அவர் குளிசையை விழுங்கும்வரை நின்றாள்.

இந்த முறை முடிவு தெளிவாக வந்தது. நோய் இருந்தது, கொஞ்சமாக. குளிசை இல்லாவிட்டால் மறுபடி பெருகியிருக்கும். அறிக்கையோடு இன்னொரு கடிதமும் எழுதினாள்: முன்னர் தொலைபேசியில் சொன்னது பிழை, இரத்தம் கெட்டது எங்கள் கவனக்குறைவால். கீழே முழுப்பெயரோடு ஒப்பமிட்டு, உதயரூபனின் மேசையில் வைத்தாள். அவருடைய ஒப்பத்துக்கும் இடம் விட்டிருந்தாள்.

"இதெல்லாம் எழுத்தில வேணுமா மிஸ்? பிறகு பாப்பம்."

றஞ்சிதா பேனாவின் மூடியைக் கழற்றினாள். பேனாவைக் கடிதத்தின்மேல் வைத்தாள். மூடியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்றாள்.