மாமா போட்ட கைப்பிடி

என் மாமா புறநகர் ரயில் பெட்டி வடிவமைக்கிறவர். நெட்டை மனிதர், பேச்சும் கொஞ்சம் நீளம். புதுப் பெட்டி ஓடத் தொடங்கிய அன்று, காட்டியே தீருவேன் என்று அத்தையையும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

உட்கார இடமில்லை. மேலே தொங்கிய கைப்பிடியைப் பிடிக்க அத்தை கையைத் தூக்கினாள், எட்டவில்லை. சுற்றி நின்ற பெண்களுக்கும் அதே கதி.

“இதை மாட்டினவன் வீட்டுல பொம்பளையே இல்ல போலிருக்கு!” என்றாள் ஒருத்தி. பெட்டியே சிரித்தது.

இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் நான் உயிர் வாழ்கிறேன். “இதோ நிக்கிறாரே” என்று கத்த வாயெடுத்தேன். மாமாவின் காதெல்லாம் சிவந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

“அண்ணே, கொஞ்சம் கையைக் குடுங்க, விழுந்துருவேன்” என்று கேலி பேசினவளே மாமாவின் கையைப் பற்றினாள். இன்னொருத்தி அவர் தோள்பையைப் பிடித்தாள். அத்தைக்கு மிஞ்சியது சட்டை நுனிதான்.

இறங்கியதும், “கைப்பிடியைவிட நீங்க உறுதி மாமா” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“ஆபீஸ் ஆம்பளைங்களை எல்லாம் நிக்க வெச்சு அளந்தேன்டா. உன் அத்தையைக் கூப்பிடணும்னு தோணவே இல்ல.”

“இப்ப அளந்துக்கோங்க” என்று நடைமேடையிலேயே கையைத் தூக்கி நின்றாள் அத்தை.

மாமா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.