கூப்பிடாத கல்யாணத்தில் பதினொரு லேப்டாப்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பொண்ணு யாரென்று தெரியாது. மாப்பிள்ளை யாரென்றும் தெரியாது. என்னோடு வந்த பத்துப் பேருக்கும் தெரியாது. ஆனால் பதினொரு பேர் தோளிலும் லேப்டாப் பை தொங்கியது!

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடியோ கேம் உருவாக்குகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். கேம்களுக்குக் கதையும் வசனமும் எழுதுகிற நான்தான் தேதி குறிக்கிறவள். கூடுகிற இடம், பசுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மேனேஜர் காசி அண்ணன், கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில் சும்மாவே திறந்துவிடுவார். ஊரே முகூர்த்த நாள் தேடும். நாங்கள் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து காலண்டரைப் புரட்டுவோம்.

இந்த முறையும் புரட்டினேன். தேய்பிறை. தேய்பிறையில் எவன் கல்யாணம் வைக்கப்போகிறான் என்று, காசி அண்ணனுக்கு ஒரு போன்கூடப் போடாமல் குரூப்பில் தேதியைத் தட்டிவிட்டேன். போய்ப் பார்த்தால்... வாசலில் வாழைமரம். உள்ளே கெட்டிமேளம்.

“ஏம்மா, ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா? ஞாயித்துக்கெழமைன்னா தேய்பிறையாவது ஒண்ணாவது... லீவு நாளுன்னு வச்சுர்றாய்ங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம், போங்க” என்றார் காசி அண்ணன்.

அடுத்த மாதமா? ஆகவே ஆகாது. காரணம், முத்துமாரி.

முத்துமாரிக்கு ஊர் எழுமலை. கூட்டத்துக்கு வர திருமங்கலத்தில் பஸ் மாற வேண்டும். அந்த பஸ் ஸ்டாண்டில் சீட் பிடிக்கிற பாட்டையே கேமாக்கியவள் அவள். பஸ் உள்ளே நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்க வேண்டும். இரண்டு வருட உழைப்பு. ஆனால் யாரும் அதை மூன்றாவது தடவை ஆடுவதில்லை. எங்கே இடிக்கிறது என்று அவளுக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை.

இதற்கிடையில் பெங்களூரு கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வேலை என்ன? யாரோ செய்த கேமில் பட்டன் வைப்பது. அங்கே சேர்ந்தால் சொந்த கேம் எதுவும் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்டர்வியூ எடுத்த ஆள் சிரித்தாராம்: “மதுரையில இருந்துக்கிட்டு கேமா? அப்படி என்னங்க இருக்கு அங்க?”

“கடைசியா ஒருக்கா எல்லாரும் ஆடிப் பாருங்கக்கா. அப்புறம் மூட்டை கட்டிர்றேன்” என்று சொல்லித்தான் அன்று வந்திருந்தாள். அவளிடம் போய் ‘அடுத்த மாசம்’ என்று எப்படிச் சொல்வது?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். காலண்டர் மேல், என் மேல், சிரித்த அந்த பெங்களூரு மனிதர் மேல்... ஆரம்பித்த நாளிலிருந்து இதே பேச்சுதானே? முதல் கூட்டத்துக்கு மூன்றே பேர். ‘மூணு பேர் கூடி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?’ என்றார்கள். பிறகு, ‘மதுரைல இதெல்லாம் எடுபடாதும்மா, சென்னைக்குப் போங்க’ என்றார்கள். ஏன் போக வேண்டும்?

“கூடம் இல்லேன்னா பரவாயில்லண்ணே. ஒரு மூலையக் காட்டுங்க. நாங்க போறதா இல்ல” என்றேன்.

தலையைச் சொறிந்த காசி அண்ணன், பின்பக்கம் காய் நறுக்குகிற இடத்தைக் காட்டினார். கவிழ்த்துப் போட்ட அண்டாக்கள் மேல் உட்கார்ந்தோம். பக்கத்திலேயே கை கழுவுகிற குழாய் வரிசை. பந்தி முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்!

வாட்டசாட்டமான ஒருவர், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். பொண்ணுக்குத் தாய்மாமன்.

“என்னத்தா, கம்ப்யூட்டர் கிளாஸா?”

“இல்லண்ணே, கேம். நான் செஞ்சது” என்று தன் போனைக் காட்டினாள் முத்துமாரி.

“எங்க, குடு பாப்போம்.”

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. உங்கள் கேமை மற்றவர் ஆடும்போது நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. வாய் சும்மா இருக்காது என்பதால், ஆட்டம் முடியும்வரை ஒரு கடலை மிட்டாயை அடக்கிக்கொள்ள வேண்டும். முத்துமாரி “அண்ணே, அது வந்து...” என்று ஆரம்பித்ததும் ஒரு துண்டு மிட்டாயை அவள் வாயில் திணித்தேன்.

தாய்மாமன் துண்டு வீசினார். சீட் கிடைத்தது. மறுபடி வீசினார். மறுபடி கிடைத்தது. போனைத் திருப்பி நீட்டிவிட்டார்.

“நல்லாவே இல்லத்தா! துண்டப் போட்டா சீட்டு நமக்குன்னு எழுதிக் குடுத்துர்றாய்ங்களா? எந்த ஊரு பஸ்ஸு இது? நம்ம பக்கம் துண்டத் தூக்கிக் கடாசிட்டு உக்காந்துருவாய்ங்கல்ல! ஏறிப் போய் ‘எந்திரிய்யா’ன்னு மல்லுக்கட்டணும். அதுல்ல ஆட்டம்!”

கையில் தாம்பூலப் பையோடு நின்ற ஒரு பெண் விடுவாரா? “சண்டை எதுக்கு? கைப்புள்ளயோட பக்கத்துல போய் நின்னா தானா எந்திரிப்பாய்ங்க!”

“எங்க எந்திரிக்கிறாய்ங்க? தூங்குற மாதிரி நடிப்பாய்ங்க!” இது இன்னொருவர்.

பத்தே நிமிடத்தில் அங்கே இருபது பேர். எந்த பஸ்ஸில், எந்த ஜன்னலில், எவன் துண்டை எவன் எடுத்தான் என்று ஒரே வழக்கு. முத்துமாரி மிட்டாயை மெல்லக்கூட மறந்துபோனாள். ஒரு தாம்பூலப் பையை வாங்கி, அதன் மேலேயே பேனாவால் கிறுக்கித் தள்ளினாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக நாங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? ‘சூப்பர் முத்துமாரி’, ‘கலர் நல்லாருக்கு.’ கேம் செய்கிறவர்கள் நாங்களே ஒரு கைப்பிடிதான், மனசு நோகக் கூடாது என்று ஒருவருக்கொருவர் இனிப்பாகவே பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் ஒரு துரோகம்தான்.

“சாப்பிடாம ஒரு ஆள் போகக் கூடாது” என்று எல்லோரையும் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார் தாய்மாமன். மொய் எழுதாமல் தின்றோம். போகும்போது கேட்டார்: “மல்லுக்கட்டு வச்சதும் எனக்கு அனுப்புத்தா. என் அக்கா மகளும் மாப்ளையும் மொதல்ல ஆடட்டும்.”

திங்கட்கிழமை காலை பெங்களூருக்கு மெயில் போனது. ‘வரவில்லை’ என்று. மதியமே அந்த ஆள் போனில் வந்துவிட்டார். எனக்கும் கேட்கட்டுமென்று அவள் இன்னொரு லைனில் என்னைச் சேர்த்திருந்தாள்.

“நல்ல வாய்ப்பை விடுறீங்க. அப்படி என்னதாங்க இருக்கு மதுரையில?”

முத்துமாரி யோசிக்கவே இல்லை. “நல்லா இல்லேன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்றதுக்கு ஆளு இருக்கு சார்.”

அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டேன். இந்த முறை காலண்டரைக் கவனமாகப் பார்த்தேன், காசி அண்ணனுக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்... வளர்பிறை முகூர்த்தம், மண்டபத்தில் பெரிய கல்யாணம்!