சிலிண்டர் சுற்றும்போது பூட்டு திறக்கலாகாது

ஒன்பது விரல்கள். ஆய்க்குடி சாலை நூற்பாலையின் கார்டிங் பிரிவு 1986 வரை தன் தொழிலாளர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அவ்வளவு. மறந்துவிடாதீர்கள்.

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷினில் முள் பதித்த பெரிய சிலிண்டர் உண்டு. சுவிட்சை அணைத்தாலும் உடனே நிற்காது, சில நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டதென்று மூடியைத் திறந்து கைவிட்டால் போச்சு. சங்கம் போராடி, மூடிக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு வேண்டுமென்று ஒப்பந்தம் போட வைத்தது. பூட்டை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி தென்காசியில் நயினார் பட்டறையில் தயாரானது. அதற்குப் புரோகிராம் எழுதியவள் குழல்வாய்மொழி. எம்.எஸ்ஸி. கணக்கு. அவளைப் படிக்க வைத்தது அதே கார்டிங் பிரிவில் வேலை பார்த்துவந்த அக்கா உலகம்மை. அக்காவின் வலக்கைச் சுண்டுவிரல் அந்த ஒன்பதில் ஒன்று.

மற்றவர்கள் எடுத்தவுடன் புரோகிராம் எழுதுவார்கள். இவள் முதலில் ஒரே வரி எழுதினாள்: சிலிண்டர் சுற்றும்போது பூட்டு திறக்கலாகாது. சங்கக் கோரிக்கை மாதிரியே இருந்தது. பெங்களூரில் ஒரு வகுப்பில் கற்ற தர்க்கக் குறிகளால் அதைக் கணக்காக்கி, புரோகிராமின் எந்த அடியிலும் அந்த விதி உடையாது என்று நிரூபிக்க உட்கார்ந்தாள்.

நயினார் சிரித்தார். "ஓட்டிப் பாத்தாச்சுல்லா தாயி. நூறு தடவையும் சரியா இருக்கு. பெறகு என்னத்துக்குக் கணக்கு?"

"நூத்தியொண்ணாவது தடவதான் எங்கக்கா கைய விடுவா, அண்ணாச்சி."

எல்லா அடியும் தேறியது, முதல் அடியைத் தவிர. பெட்டிக்குக் கரண்ட் வந்ததும், சிலிண்டர் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் புரோகிராம் தொடங்குகிறது. அதற்கு என்ன ஆதாரம்? காலையில் ஆலை திறக்கும்போது சரி. சாரல் காலத்தில்? குற்றாலத்துக் காற்று அடித்தால் தென்காசியில் கரண்ட் போன வேகத்தில் திரும்பி வரும். சிலிண்டர் சுற்றிக்கொண்டிருக்கும், பெட்டியோ நின்றுவிட்டதென்று நம்பிப் பூட்டை விடுவிக்கும். சோதனையில் இது தெரியவில்லை. கரண்ட் தொல்லை வேண்டாமென்று எல்லாவற்றையும் ஜெனரேட்டரில் ஓட்டியிருந்தார் நயினார்.

"திங்கக்கிழம மாட்டுதோம்னு மேனேஜர்ட்ட சொல்லியாச்சு. பெட்டி சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடு, பெறகு பாத்துக்கிடலாம்."

"போடமாட்டேன்."

"ஏட்டி, ஆர்டர் போயிரும். ஒன் வேலையும் சேந்து போவும்."

"போவட்டும். இங்கன வாங்க அண்ணாச்சி."

பட்டறையில் சோதனைக்கு வைத்திருந்த பழைய சிலிண்டரை ஓடவிட்டாள். மெயின் சுவிட்சை இறக்கி, உடனே ஏற்றினாள். சிலிண்டர் சீறிக்கொண்டிருக்க, பூட்டு 'டக்'கென்று திறந்தது.

நயினார் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ன செய்யணும், சொல்லு."

"தொடங்கயில, சுத்துதுன்னே நெனைக்கணும். சுத்த அளந்து பாத்து, நின்னுட்டுன்னு தெரிஞ்ச பெறகுதான் விடணும்."

மாற்றியது கொஞ்சம்தான். முதல் அடியும் தேறியது. கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை தவறி வியாழக்கிழமை மாட்டினார்கள். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

ஆனி மாதச் சாரலில் கரண்ட் போய் வந்தது. உலகம்மை மூடியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாள்.

"ஏட்டி, ஒன் பூட்டு என்னய நம்ப மாட்டக்கே."

"யாரையும் நம்பாதுக்கா. அப்படித்தான் எழுதிருக்கேன்."

சங்கத்துக்காரர்கள் அந்த ஒரு வரியை ஆலைச் சுவரில் சிவப்புச் சாயத்தில் எழுதினார்கள். கீழே அவள் பெயர். கார்டிங் பெண்கள் ஷிப்ட் மாறும்போது, என் பிள்ளை எழுதியது என்பது போல அதைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

பூட்டு மாட்டியதிலிருந்து 1989 முடிய, அந்தப் பிரிவில் போன விரல்கள்: பூஜ்யம்.