எடுக்கப்பட்ட இடம்: கிளிநொச்சி

கண்காட்சிக்கான படிவத்தில் "படம் எடுக்கப்பட்ட இடம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கிளிநொச்சி என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் இந்த வருடத்தைப் போட்டேன். பெயருக்குப் பின்னால் என் பட்டத்தையும் எழுதினேன், அதை யாரும் கேட்டிருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாய் முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு வயலில் இறங்கியவர். படிவம் என்று எது கையில் வந்தாலும் ஒரு கட்டத்தையும் வெறுமையாய் விடமாட்டேன்.

அடியில் ஒரு விதி இருந்தது. கணினியில் மாற்றம் செய்த படங்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா. அதை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

நான் அனுப்பிய படத்தில் இருந்தது என் அண்ணா. கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாய் நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று பிளாஸ்ரிக் கானைத் தூக்கிக்கொண்டு போனவன், திரும்பி வரவில்லை. அப்போது அவனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. அவனுடையதென்று எங்களிடம் எஞ்சியது ஒரே ஒரு சின்னப் படம். அடையாள அட்டைக்கென்று எடுத்தது. தோளில் பாடசாலை முத்திரையின் அரைவட்டம் விழுந்திருக்கும்.

பட்டம் எடுத்தும் வேலை கிடைக்காமல் கிளிநொச்சி நகரில் ஒரு ஸ்ரூடியோவில் சேர்ந்தேன். அங்கே பாதி வேலை, இல்லாத ஆட்களைப் படத்துக்குள் கொண்டுவருவதுதான். செத்தவரின் அடையாள அட்டைப் படத்துக்குக் கோட்டும் ரையும் போட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுப்போம். காணாமல் போன தகப்பனை மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். வந்து வாங்குபவர்களுக்கு அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் அழுவார்கள்.

ஒரு கலியாண வீட்டில் அம்மா யாரோ ஒருவரைப் பார்த்துவிட்டு, "இப்ப அவனுக்கும் காதடியில நரைச்சிருக்கும்" என்று சொன்னார். அதற்குப் பிறகு, கடைக்கு ஆள் வராத மத்தியானங்களில் அண்ணாவுக்கு வயதைக் கூட்டத் தொடங்கினேன். தாடையை அப்பாவின் செத்தவீட்டுப் படத்திலிருந்து எடுத்தேன். நெற்றி ஏறியது மாமாவைப் போல. வட்டக்கச்சியில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணாவை வாய்க்கால் கட்டின் மேல் சைக்கிளோடு நிற்கவைத்து எடுத்த படத்தில், அவருடைய முகத்தை எடுத்துவிட்டு இந்த முகத்தை வைத்தேன். அண்ணாவின் இடது புருவத்து வெட்டுத் தழும்பை மட்டும் தொடவில்லை. மூன்று வாரம் போனது. முடிந்த அன்று கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு வயது ஆள் ஒருவர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல வேலையை இந்த மாவட்டத்தில் யாரும் செய்ய மாட்டார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மாவிடம் காட்டப் பயமாக இருந்தது. காட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் நடக்கும் சர்வதேச வர்த்தகச் சந்தையில் புகைப்படக் கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். அங்கே அனுப்பினேன். தெரிவாகிவிட்டது. கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை என்பதில் எனக்கு இரண்டு நாள் சந்தோசம்.

சந்தையின் இரண்டாம் நாள் எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்து மாதர் சங்கத்தார் வான் பிடித்துப் போனார்கள். அன்று பின்னேரம் நான் வேலையால் வந்தபோது, இரண்டு வீடு தள்ளி இருக்கும் அன்ரி எங்கள் முற்றத்தில் நின்றார். அவருடைய மகனும் அண்ணாவோடு படித்தவன், அதே மாதம் காணாமல் போனவன். கையில் சந்தையில் கொடுத்த பிளாஸ்ரிக் பைகள். அம்மா நிலத்தில் இருந்தார்.

"சத்தியமா அக்கா, உங்கட பெடியன்தான். அந்தப் புருவத்து வெட்டை நான் மறப்பனே? என்ர வீட்டு மாமரத்தால விழுந்துதானே வெட்டினது" என்றார் அன்ரி. "கீழ கிளிநொச்சி எண்டு எழுதியிருக்கு. இந்த வருசமாம். எடுத்த ஆளின்ர பேர் போடேல்லை, ஒரு நம்பர்தான். ரெண்டு தரம் வாசிச்சனான். உள்ளுக்குப் படம் எடுக்க விடேல்லை, இல்லாட்டி ஃபோனில கொண்டந்திருப்பன்."

அம்மா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் ஒன்பது வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை.

"பிள்ளை, உவன் இஞ்சதான் இருக்கிறான். படம் எடுத்தவனுக்குத் தெரியும்தானே எங்கயெண்டு? நாளைக்குப் போய் அவனைக் கேப்பம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே வசனம்தான். வாயைத் திறந்தேன். "நாளைக்குப் போவம் அம்மா" என்று வந்தது.

கிணற்றடிக்குப் போய் ஏற்பாட்டாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். என் படத்தைக் கழற்றிவிடுங்கோ என்று கெஞ்சினேன். காரணத்தைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் விதியை மீறியது தெரிந்துவிடும்.

"என்ன தங்கச்சி பகிடி விடுறீங்களே? உங்கட படத்துக்கு முன்னாலதான் சனம் கூடி நிக்குது. நாளையோட முடியுது. சுவரில ஓட்டை விட ஏலுமே?" என்றார் அவர்.

சனம் கூடி நிற்கிறது என்று கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. அந்த நேரத்திலும். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நல்லவளாகிவிடுவேன்.

மறுநாள் பரந்தன் சந்தியில் பஸ் ஏறினோம். அம்மா தன் ஒரே பட்டுச் சேலையைக் கட்டியிருந்தார். ஆனையிறவு தாண்டும்வரை வெளியில் போகும் ஒவ்வொரு சைக்கிள்காரனையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முன் இருக்கையில் இருந்த ஒரு பெண், "எங்க, சந்தைக்கோ?" என்று கேட்டார்.

"மகன்ர அலுவலாப் போறம்" என்றார் அம்மா. பிறகு பொறுக்க முடியாமல், "மூத்தவன். கன காலத்துக்குப் பிறகு" என்றார்.

"அம்மா" என்றேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. யன்னலைப் பூட்டட்டே? காத்தடிக்குது."

"வேண்டாம், காத்து வரட்டும்."

சந்தையில் உழவு இயந்திரங்களை ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மெத்தை விற்கும் கூடாரத்தில் சனம் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு பிடித்துவிடும் இந்தியக் கதிரை ஒன்றில் ஒரு வயதானவர் கண்ணை மூடி நடுங்கிக்கொண்டிருக்க, அவருடைய பேரப்பிள்ளைகள் சிரித்தன. அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. புகைப்படக் கண்காட்சி இவற்றுக்கெல்லாம் பின்னால், ஜெனரேற்றருக்குப் பக்கத்தில். உள்ளே சிவப்பு விரிப்பு. சுவர் முழுக்கப் பனைகள், படகுகள், சிரிக்கிற கிழவிகள்.

அண்ணா மூன்றடி உயரத்தில் இருந்தான். நானே அவனை அந்த அளவில் பார்த்ததில்லை. எங்கேயாவது ஒரு பிழை தெரியாதா, கழுத்து ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரியாதா என்று அப்போது தேடினேன். இல்லை. நான் அவ்வளவு கவனமாகச் செய்திருந்தேன்.

அம்மா அழவில்லை. கிட்டப் போய் நின்றார். "மெலிஞ்சுபோனான்" என்றார். பிறகு வாசலில் மேசை போட்டிருந்த பிள்ளையிடம் போனார். வெள்ளைச் சட்டை போட்ட, பள்ளிக்கூடம் விட்டு அதிக காலமாகாத பிள்ளை.

"தங்கச்சி, அந்தச் சைக்கிள் படம் எடுத்த ஆளை நான் காணவேணும்."

"எத்தினையாம் நம்பர் அம்மா? பொறுங்கோ." அந்தப் பிள்ளை பட்டியலில் விரலை ஓட்டினாள். என் பெயரை உரக்க வாசித்தாள், பட்டத்தோடு சேர்த்து.

அம்மா திரும்பினார். கோபம் வரும் என்று நின்றேன். கோபம் வரவில்லை. அவருடைய முகம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

"நீயோ? நீயோ எடுத்தனி? எங்க கண்டனி அவனை?"

"நான் காணேல்லை அம்மா. அது எடுத்த படமில்லை. செய்தது. கொம்பியூட்டரில நான் செய்தது. அண்ணான்ர சின்னப் படத்தை வைச்சு."

"அப்பிடிச் சொல்லச் சொன்னவனோ?"

"அம்மா!"

"சரி சரி. இஞ்ச வேண்டாம்." சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சனம் நிக்குது. வீட்டை போய்க் கதைப்பம்."

திரும்பி வரும் பஸ்ஸில் என் காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தார். கலியாணம் கட்டிட்டானோ? ஆருக்கும் பயந்து இருக்கிறானோ? என்னில கோபமோ, தண்ணிக்கு அனுப்பினது நான்தானே? ஒவ்வொன்றுக்கும் நான் இல்லை அம்மா, இல்லை அம்மா என்றேன். ஒவ்வொரு இல்லையையும் அவர் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார். "படிச்ச பிள்ளை. மறைக்கத் தெரியும்" என்று ஒருமுறை என் முழங்காலில் தட்டினார். அதில் பெருமைதான் இருந்தது. வீட்டு வாசலில் அன்ரி காத்துக்கொண்டு நின்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். "ஓம். அவன்தான்."

அடுத்த நாள் விடிந்ததும் அம்மாவை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. என் கதிரையில் அவரை இருத்திக் கணினியைப் போட்டேன். இந்த மாதிரிப் படம் கண்ணாடித்தாள்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது போல இருக்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரு சின்ன வேலை. வேண்டாததை மௌஸை ஒருமுறை தட்டி மறைக்கலாம். படம் திரை முழுக்க வந்ததும் அம்மா சிரித்தார்.

"பாருங்கோ" என்றேன்.

முதலில் நரையை எடுத்தேன். காதடி கறுத்தது. பிறகு கண்ணோரச் சுருக்கம். பிறகு மீசை. "இது மாமான்ர நெத்தி" என்று சொல்லி அதை எடுத்தேன். "இது அப்பான்ர தாடை." அதையும் எடுத்தேன். ஒரு வளர்ந்த ஆளின் தோளில் பொடியனின் முகம் நின்றது. அம்மாவின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றதென்று எனக்குத் தெரியாது, நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை போல ஒவ்வொன்றாய் விளக்கிக்கொண்டே போனேன். சைக்கிளை எடுத்தேன். வாய்க்காலை எடுத்தேன். உடம்பை எடுத்தேன். வெள்ளைத் திரையில் அந்த முத்திரை விழுந்த சின்னப் படம் மட்டும் மிஞ்சியது. அதையும் மறைக்க என் விரல் போனது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நெல்லு மூட்டை தூக்குகிற கை. நொந்தது.

"அழியாதை" என்றார். "காணும், நிப்பாட்டு. அவனை அழியாதை."

கடைக்கு முன்னால் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. 

"அப்ப நீ ஒருத்தரையும் காணேல்லை."

"இல்லை அம்மா."

"அந்த வாய்க்கால் கட்டில அவன் நிக்கேல்லை."

"இல்லை."

அவர் எழும்பி வெளியில் போய்ச் செருப்பைப் போட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானம் அன்ரி வந்தார். குளித்து, தலை வாரி, பொட்டு வைத்திருந்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். அவருடைய மகனின் படம். அதுவும் அடையாள அட்டை அளவுதான்.

"பிள்ளை, உன்ர அண்ணா நிக்கிற இடத்தில வேற ஆக்களும் இருப்பினம்தானே? ரெண்டு பேரும் ஒண்டாத்தான் திரிஞ்சவங்கள். இதை ஒருக்கா அவனிட்டைக் காட்டிக் கேளன்."

நான் படத்தை வாங்கினேன். குசினி அடுப்படியிலிருந்து அம்மா வந்தார்.

"அது அவனில்லை" என்றார். "பிள்ளை கொம்பியூட்டரில செய்தது. நான் பாத்திட்டு வாறன். எல்லாம் எடுத்த பிறகு ஒண்டுமில்லை."

அன்ரி சிரித்தார். சிரிப்பென்று சொல்ல முடியாது.

"நேற்று ஓம் அவன்தான் எண்டியள். இண்டைக்குக் கொம்பியூட்டரோ? எனக்கென்ன விசரே அக்கா? உங்களுக்குப் பிள்ளை கிடைச்சிட்டான். நான் வந்து சொல்லாட்டி உங்களுக்கும் தெரிஞ்சிராது. இப்ப எங்களைத் தெரியேல்லை, என்ன?"

"அன்ரி, ஸ்ரூடியோவுக்கு வாங்கோ, நான் காட்டுறன்" என்றேன்.

"உன்ர படிப்பை எனக்குக் காட்டாதை."

படத்தை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வாசல் படலையில் அம்மா என்னை மறித்தார்.

"விடு."

"அவா பிழையா நினைச்சுக்கொண்டு போறா அம்மா. தன்ர மகனையும்..."

"தெரியும்." அம்மா படலையின் கொளுக்கியைப் போட்டார். அன்ரி ஒழுங்கை வளைவில் திரும்பும்வரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நினைக்கட்டும். அவன் இருக்கிறான் எண்டு ஒராளாவது நினைக்கட்டும்."

அவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். நான் போகவில்லை.