பெஞ்சில் உட்கார்ந்த ஆள்

எண்ணூரில் ஈரப் பெயிண்டை ஜன்னலோரம் காயவைக்கக் கூடாது என்பது இருபது வருடமாக இங்கே குடியிருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று கன்டெய்னர் யார்டில் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நான் தினமும் ரயிலேறும் ஸ்டேஷனைத் தெர்மாகோலில் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருந்தேன். கடைசியாக வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

சாயங்காலம் எழுந்து பார்த்தால் கூரை, பிளாட்பாரம், படிக்கட்டு எல்லாவற்றிலும் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றில் வரும் கரித்தூள் ஒட்டிக் காய்ந்திருந்தது. திட்டக்கூடத் தெம்பில்லை. சீரியல் செட்டிலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் பல்புகளை ஏற்கெனவே கூரைக்கடியில் பொருத்தியிருந்தேன். போனது போகட்டும், எரிகிறதா என்றாவது பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, இப்பதான் அச்சு அசலா நம்ம ஸ்டேஷன் மாறியே கீது."

அவள் சொன்னது சரிதான். மூன்று மாதம் என்னால் கொண்டுவர முடியாத நிறத்தை ஒரே மதியத்தில் காற்று கொண்டுவந்துவிட்டது. இதற்குச் சந்தோஷம் வேறு படவேண்டுமா என்று எரிச்சலாக வந்தது.

அவள் கையில் ஜன்னல் துடைக்கும் ஈரத்துணி இருந்தது. "தொடைக்காத, பெயிண்ட் பூடும்," என்றேன்.

அவள் ஸ்டேஷனைத் தொடவில்லை. பெஞ்சில் நான் உட்காரவைத்திருந்த பிளாஸ்டிக் ஆளை மட்டும் இரண்டு விரலால் எடுத்து, முகத்தையும் சட்டையையும் துடைத்தாள்.

"ஸ்டேஷன் அப்டியே கெடக்கட்டும். ஆளயாவது தொடச்சி வுட வாணாமா?"