கோட்டு ஆட்டிய பல்

காதர் பாயின் புதுப் பல் ஆடுகிறது என்று கண்டுபிடித்தவள் நான். ஆட வைத்ததிலும் என் பங்கு உண்டு என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது.

எழுபதுகளில் தி.நகரில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன். எக்ஸ்ரே எடுப்பது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, பயந்தவர்களை அதட்டி உட்கார வைப்பது எல்லாம் என் வேலை. நர்ஸ் படிப்பு படிக்காவிட்டாலும் எல்லாருக்கும் நான் ‘சிஸ்டர்’. கிளினிக் மாடியில், காதர் பாயின் தையல் கடை கீழே. சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவருடைய முன்பல் ஒன்று போய்விட்டது.

“கயட்டி மாட்ற பல்லு வேணாம் டாக்டர். நூலு கடிச்சா கையோட வந்துடும். ஸ்ட்ராங்கா ஒண்ணு வெச்சுக் குடுங்க” என்றார். அவருக்குக் கத்தரி என்பது துணி வெட்ட மட்டும். நூலை அறுக்கப் பல்தான்.

எங்கள் டாக்டர் வெளிநாட்டில் கற்ற வித்தையைக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். தாடை எலும்பில் பள்ளம் வெட்டி, டைட்டானியம் தகடு ஒன்றைத் தட்டி இறக்கி, அதன் தலையில் தற்காலிகப் பல் பொருத்தினார்.

“இத பாருங்கோ பாய், தகட்டைச் சுத்தி புது எலும்பு வளர்ந்து பிடிச்சுக்கணும். ஆறு மாசமாவது ஆகும். நடுவுல ஆட்டினேள்னா எலும்புக்குப் பதிலா வெறும் சதை வளரும். பல் நிக்காது. நூல் கடிக்கவே கூடாது.”

பாய் பொறுமையாகத்தான் இருந்தார். பொறுமை போனது டாக்டருக்கு. மூன்றாம் மாதமே பல் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் இந்தப் பல்லைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டுவிட்டார். பேசப் போக நல்ல கோட்டு இல்லை.

“சரோஜா, பாய்கிட்ட சொல்லி சனிக்கிழமைக்குள்ள ஒரு கறுப்புக் கோட்டு தைச்சு வாங்கிடும்மா.”

எனக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும், எதிராளியின் உயிரை எடுத்துவிடுவேன். ஒரு நாளைக்கு நான்கு முறை கீழே இறங்கினேன்.

“இன்னா சிஸ்டர், கோட்டுன்னா கர்ச்சீப்பா? தச்சிக்கினுதானே கீறேன்!”

சனிக்கிழமை காலை பாயே கோட்டைக் கொண்டுவந்தார். டாக்டர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பாயை நாற்காலியில் உட்கார வைத்துப் பல்லைத் தொட்டேன். தலையாட்டியது. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நடுவே கறுப்பு நூல் துணுக்கு ஒன்று.

“பாய், இது என்ன?”

பாய் கூரையைப் பார்த்தார். “நீங்கதான சிஸ்டர் அவசரப்பட்த்தினீங்க? கத்திரியத் தேடி, எட்த்து, வெட்டி, கீய வெச்சி... அதுக்கெல்லாம் டைம் எங்க கீது?”

டாக்டர் கோட்டுப் பட்டனைக் குனிந்து பார்த்தார். அதே நூல். எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் பெரிய மனுஷர். அதே கோட்டில் கூட்டத்துக்குப் போய், கோட்டுக் கையைத் தூக்கிக் காட்டி, “இந்தக் கோட்டாலதான் பல் ஆடித்து” என்று சொன்னாராம். ஒரே சிரிப்பாம். அடுத்த மாத எக்ஸ்ரேயில் தகட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. எலும்பு வர வேண்டிய இடத்தில் சதை. தகட்டை எடுத்தோம்.

பள்ளத்தில் எலும்பு நிரம்பவே மாதங்கள் ஆயின. மறுபடி தகடு, மறுபடி காத்திருப்பு. இந்த முறை சின்னக் கத்தரி ஒன்றை நாடாவில் கோத்து பாயின் கழுத்தில் மாட்டிவிட்டேன். அவசரம் என்று யார் வந்தாலும் மாடியிலிருந்தே அதட்டினேன். “கல்யாணத்துக்கு பிளவுஸ் வேணும்மா” என்று கெஞ்சியவர்களைக்கூட விடவில்லை.

கடைசி எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடு இல்லை. உலோகத்தை ஒட்டியே வெள்ளையாக எலும்பு. நிரந்தரப் பல்லைப் பொருத்திவிட்டு, “இப்போ கடிச்சுக் காட்டுங்கோ பாய்” என்று டாக்டரே ஒரு நூலை நீட்டினார். பாய் வாங்கினார். இடது கை நூலை இழுத்துப் பிடித்தது. வலது கை கழுத்துக் கத்தரியை எடுத்து ‘நறுக்’ என்று வெட்டியது.

மூவரும் கீழே விழுந்த நூலையே பார்த்தோம்.

“நூலு கடிக்கிற பயக்கமே பூட்ச்சே சிஸ்டர்” என்றார் பாய் பரிதாபமாக. “அப்ப இந்தப் பல்லு இன்னாத்துக்கு?”

அதன்பிறகு எத்தனையோ பேர் “பல் எத்தனை நாளில் பிடிக்கும்?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எலும்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், அதுவரை மாடிப்படி இறங்கிப் போய் யாரையும் விரட்டாமல் இருங்கள் என்பேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பல்லும் ஒரு கோட்டும் தேவைப்பட்டன.